மாப்பிள்ளை செய்த மூன்று கொலைகள்

தெருவில் அவருக்குக் கொலைகாரம்மா என்று பெயர். பால் போடுகிறவர் முதல் கீழ்வீட்டுக் குழந்தை வரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் பயமும் கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. கூரியர்காரர் வந்து விசாரித்தால், "கொலைகாரம்மா வீடா? அஞ்சாவது மாடி, லிஃப்ட் இருக்கு, போங்க" என்று கைகாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கூரியர்காரர் மட்டும் பார்சலைக் கீழேயே கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசிப்பார்.

அம்மையார் எழுதுவது துப்பறியும் நாவல். எழுதுகிற விதமும் ஒரு தினுசுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று, இஸ்திரி போடும் பலகையை இடுப்புயரத்துக்கு நிறுத்தி அதன் முன்னால் நின்றுகொண்டே எழுதுவார். காகிதம் வாங்குகிற வழக்கமில்லை. கணவர் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கே மிஞ்சுகிற பழைய கண் பரிசோதனை அட்டைகளின் பின்பக்கம்தான் எல்லாக் கொலைகளும் நடக்கும். அட்டைக்கு ஒரு காட்சி. பால் விடாமல் தேநீர் போட்டு, அது ஜில்லிட்டுப் போன பிறகுதான் குடிப்பார். சூடாகக் குடித்தால் ருசி தெரிந்துவிடுமாம், ருசி தெரிந்தால் கவனம் கலைந்துவிடுமாம்.

விஷம் பிடிக்காது. துப்பாக்கி பிடிக்காது. "தூரத்துல நின்னு விரல மடக்கறதெல்லாம் ஒரு கொலையா?" என்பார். இரட்டைப் பிறவிகள், கனவில் வருகிற துப்பு, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வந்து இறங்குகிற அண்ணன் இதையெல்லாம் வைத்து எழுதுகிறவர்களைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. இரும்புக்கடைக்குள் நுழைந்தால் வெளியே வர மனம் வராது. வானிலை அறிக்கையை ஒரு நாளும் தவறவிட மாட்டார். பிறர் எழுதிய நாவல் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, "ப்பூ, இவ்வளவுதானா" என்று சொல்லி மூடிவைப்பதில் அவருக்கு ஓர் அலாதி சந்தோஷம்.

எல்லாவற்றையும் விடப் பிடித்தது கை. மனிதர்களுடைய கை. முகம் நடிக்கும், வாய் புளுகும், கை மட்டும் அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பது அவர் கட்சி. அவர் கதைகளில் வருகிற பெண் போலீஸ் அதிகாரி கொலைகாரனைப் பிடிப்பது ரேகையை வைத்தோ ரத்தத்தை வைத்தோ அல்ல, ஏதாவது ஒரு கைப்பழக்கத்தை வைத்துத்தான். அந்தப் பழக்கத்தைக் கொலைகாரம்மா ஒரு நாளும் தானாகக் கற்பனை செய்ததில்லை. கற்பனைக் கை அட்டையில் ஒட்டாது என்பார். உயிரோடு இருக்கிற யாரோ ஒருவருடைய கையை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தால்தான் பென்சில் நகரும்.

அந்த யாரோ ஒருவர் பாடுதான் திண்டாட்டம். நாத்தனாருக்கு மேஜை விரிப்பின் ஓரத்தை நீவி நீவி விடுகிற பழக்கம். அந்த விரல்கள் ஒரு நாவலில் ஒரு கிழவரின் கழுத்தை நீவின. படித்த அன்றிலிருந்து நாத்தனார் இந்த வீட்டுப் படியேறவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுதுவார். அவரையும் விட்டுவைக்கவில்லை. புத்தகம் எப்படியோ ஆசிரியர்கள் அறைக்குப் போய்ச் சேர்ந்து, அந்த வருஷம் முழுக்க மகள் கணக்கு வகுப்பில் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. கண்ணாடிக்கடைக்காரரோ இரண்டு தடவை பிணமாகவும் ஒரு தடவை வாட்ச்மேனாகவும் வந்து போய்விட்டார். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "பிணம்னா நல்லதுதான், படுத்துக்கிட்டே இருக்கலாம்" என்பார்.

புது நாவல் முடிந்து பதிப்பகத்துக்குப் போயாகிவிட்டது. 'இறங்காத லிஃப்ட்' என்று பெயர். ஒரு புத்தகம் கையை விட்டுப் போய் அடுத்தது வருகிற வரைக்கும் இவருக்கு இருப்புக் கொள்ளாது. அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். சமையலறை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றினார். சரியில்லை என்று மறுபடி பழைய இடத்துக்கே மாற்றினார். மூன்றாவது முறையாகக் கை வைக்கும்போது மகள் வந்தாள்.

மகள் ஊர் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட கழுத்து, தூக்க முடியாத தோள், மடங்காத முழங்கால் என்று வருகிறவற்றையெல்லாம் வழிக்குக் கொண்டுவருகிற வேலை. அங்கேயே பக்கத்தில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அம்மா, நான் ஒருத்தர கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட கடையிலயே சொல்லிட்டுத்தான் வர்றேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"பவர் என்னன்னு கேட்டாரு. கண்ணாடியே போடறதில்லன்னு சொன்னதும் முகம் கொஞ்சம் வாடிப்போச்சு."

போனை நீட்டினாள். திரையில் களையான ஒரு முகம். மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது, கண் சிரித்தது. கொலைகாரம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"நல்லாத்தான் இருக்காரு. நான் எங்கயும் பார்த்ததில்லையே."

"நீ பார்த்திருக்கேம்மா."

"நானா? முகம் ஞாபகமில்லையே பாப்பா."

மகள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். விரலால் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினாள். வேலை நடக்கிற இடத்தில் யாரோ எடுத்த படம். முகம் பாதிதான் விழுந்திருந்தது, கை முழுசாக விழுந்திருந்தது. ஒரு ஸ்க்ரூவைச் சட்டையின் கைமடிப்பில் துடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கை. ஸ்க்ரூ கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில். ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக மேலே தூக்கியிருந்தது.

கொலைகாரம்மா முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கை அவருக்குத் தெரியும். 'இறங்காத லிஃப்ட்' நாவலில் அது மூன்று கொலைகள் செய்திருக்கிறது.

மழை விடாமல் அடித்த ஒரு வாரத்தில் இந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோய் ஒருவர் ரிப்பேருக்கு வந்தார். நாவல் பாதியில் முட்டிக்கொண்டு நின்ற நேரம். கொலைகாரம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படி ஓரம் உட்கார்ந்துவிட்டார். வந்தவர் சாமான்களைப் பழைய செய்தித்தாள் மேல் அளவுவாரியாக அடுக்கினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் துடைத்த பிறகுதான் பூட்டினார். உள்ளே மோட்டார் ஓடுகிறதா என்று, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, கதவின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் இரண்டு கைகளையும் விரித்து, அழுக்கு ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே பொத்தானைத் தொட்டார். கொலைகாரம்மாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தக் கை அட்டைக்குள் வந்து, முதல் ஆளைத் தீர்த்தும் விட்டது.

"நான்தாம்மா அனுப்பினேன்" என்றாள் மகள். "எங்க ஆஸ்பத்திரி லிஃப்டெல்லாம் அவரு பொறுப்புதான். நம்ம லிஃப்ட் நின்னுபோச்சுன்னு அப்பா சொன்னப்ப, நீங்க போயி பாருங்கன்னு நான்தான் சொன்னேன். நீ அவர சும்மா ஒரு தடவ பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. யாரு என்னன்னு தெரியாம, ஒரு மனுஷரா."

"டீ குடுத்தேனே" என்றார் கொலைகாரம்மா.

"குடுத்தியாம், சொன்னாரு. அவரு உன் புத்தகம் ஒண்ணு விடாம படிச்சிருக்காரு, தெரியுமா? கூச்சத்துல அன்னிக்கு வாயத் தொறக்கல. அடுத்தது எப்ப வருது எப்ப வருதுன்னு என்னைய அரிச்சு எடுக்கறாரு."

மகள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பேச்சின் தொனி மாறியது.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தைய எழுதினே, டீச்சர எழுதினே, அதெல்லாம் போகட்டும். இவர மட்டும் விட்டுடு. இவர எழுதினேன்னு வை, நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். இந்த வீட்டுக்கு வர மாட்டேன், அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கிழம அவரும் அவங்கம்மாவும் வர்றாங்க."

"சேச்சே" என்றார் கொலைகாரம்மா. அதற்கு மேல் சொல்ல வந்ததை மென்று முழுங்கினார்.

கத்துகிற பெண்ணாக இருந்தால் கவலையில்லை. கத்தி ஓய்ந்ததும் சமாதானம் பண்ணிவிடலாம். இவள் கத்தவே மாட்டாள். வர மாட்டேன் என்றால் வர மாட்டாள்.

திங்கட்கிழமை பதிப்பகத்தின் கதவைத் திறக்கிறவருக்கு முன்னால் கொலைகாரம்மா போய் நின்றார். பதிப்பாளர் வருஷம் முழுக்க ஜலதோஷத்தோடு இருக்கிற மனிதர். கைக்குட்டையும் மூக்குமாக வந்து உட்கார்ந்து, அச்சடித்த மேலட்டையை மேஜைமேல் விரித்தார். பாதி திறந்த லிஃப்ட் கதவு, அதன் இடுக்கில் ஒரு கை.

"எப்படி மேடம் அட்டை? ஓவியர் பின்னிட்டாரு. ஆள்காட்டி விரல் தூக்கினாப்புலன்னு எழுதியிருந்தீங்கள்ல, அப்படியே போட்டுட்டாரு பாருங்க."

"கொலைகாரன மாத்தணும்."

வந்த தும்மல் பாதியில் நின்றது. "எந்தக் கொலைகாரன?"

"நம்ம கொலைகாரனத்தான்."

"மேடம், புத்தகம் மிஷின்ல ஏறப்போகுது. மொத்தப் புத்தகத்தையும் தாங்கறதே அந்த ஆளுதான். வேணும்னா ஒரு மீசைய வச்சு விட்டுடலாமா?"

"மீசை வச்சா கை மாறுமா?"

"அந்தக் கை உங்கள என்ன மேடம் பண்ணுச்சு? படிச்சதுலேந்து நான் எங்க வீட்டுல மாடிப்படிதான் ஏறறேன். அப்பேர்ப்பட்ட கை."

"எனக்கு மாப்பிள்ளையா வருது" என்றார் கொலைகாரம்மா.

பதிப்பாளர் கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்கைத் துடைத்தார். அவருக்கும் ஒரு மாமியார் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அச்சகத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்கு மேல் போனால் அச்சகத்துக்காரர் என்னையே உங்கள் அடுத்த புத்தகத்துக்குப் பிணமாக அனுப்பிவிடுவார் என்று சொல்லி, மேலட்டையிலிருந்த கையைப் பேனாவால் சுழித்து அடித்தார்.

புதுக் கொலைகாரரைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமாக இல்லை. நாவலில் நாலாவது மாடியில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற நூலகர் அம்மாள் ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். செத்துப்போன மூன்று பேர் மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது, லிஃப்ட் அறைச் சாவியும் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. எல்லாம் பொருந்திவந்தது. அவளுக்குக் கை மட்டும் இல்லை. இதுவரை கொலைகாரனாக இருந்த லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து பிடுங்கி இவளுக்குக் கொடுத்தால் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார். தன் கையைத் தானே தெரிந்துகொள்ளாத வாசகர் உண்டா?

கை தேடிப் புறப்பட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றார், வங்கி வரிசையில் காரணமில்லாமல் நின்றார், தையல்காரர் கடை வாசலில் பொத்தான் வாங்குகிற சாக்கில் நின்றார். கண்டக்டர் சில்லறையை உள்ளங்கையில் குலுக்கினார். அது ஐந்தாவது நாவலில் வந்துவிட்டது. தையல்காரர் நூலைப் பல்லால் கடிக்காமல் விரலில் சுற்றி அறுத்தார். அதுவும் தீர்ந்துபோன கை. முடிவெட்டுகிறவர், சாவி போடுகிறவர், பூட்டிய கடை முன்னால் சும்மா நிற்கிறவர் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பார்த்துத் தீர்த்தார். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. எங்கே நின்றாலும் அடுத்த தெருவில்தான் அந்தக் கை இருக்கிறது என்று தோன்றியது. அடுத்த தெருவுக்குப் போனால் விட்டுவந்த தெரு இழுத்தது.

கடைசியில் மருந்துக்கடையில் ஒன்று கிடைத்தது. கடைக்காரப் பெண்மணி மாத்திரை அட்டையைக் கத்தரிக்காமல், கோட்டில் நகத்தை ஓட்டி, முன்னும் பின்னும் மடித்து, சத்தமில்லாமல் பிரித்தாள். அபாரமான கை. கொலைகாரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு வாலிபன் வந்து, "அம்மா, நான் பார்த்துக்கறேன், நீ போயி சாப்பிடு" என்றான். இந்தக் கைக்கும் ஒரு பிள்ளை உண்டு என்று, அவன் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு எங்கோ இடறியது. இத்தனை வருஷத்தில் இப்படி இடறியதேயில்லை. யாருடைய கையோ, எடுத்தோமா எழுதினோமா என்று போய்க்கொண்டிருந்தவர். தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

கண்ணாடிக்கடையில் கூட்டமில்லை. கணவர் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க கையக் கொஞ்சம் தர்றீங்களா?"

"எத்தன தடவதான் தர்றது? செத்தவனுக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரே கைன்னு போன வருஷமே ஒரு வாசகர் எழுதிக் கேட்டாரே."

"அப்ப என்னையத்தான் போடணும்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுக் கொலைகாரம்மா அப்படியே நின்றார்.

ஏன் கூடாது? தன் கை. யாரும் கோபித்துக்கொள்ள முடியாத கை. ஒரு புத்தகத்திலும் வராத புத்தம்புதிய கை. வாடிக்கையாளர்கள் கண்ணாடி போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடி முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக் கவனித்தார். கைகள் செத்த மீன்கள் மாதிரி கிடந்தன. ஏதாவது யோசித்தால் அசையும் என்று யோசித்துப் பார்த்தார். அவர் பார்ப்பது தெரிந்து அவை இன்னும் விறைத்துக்கொண்டன. ஊரில் இருக்கிற கைகளையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்த மனுஷிக்குத் தன் கை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

"என்னங்க, எனக்கு என்ன பழக்கம் இருக்கு? நல்லா பார்த்துச் சொல்லுங்க."

கணவர் வேலையை நிறுத்திவிட்டு அக்கறையாகப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"இடது கண்ணுல பவர் கூடியிருக்கும்னு நெனக்கிறேன். தலைய லேசா சாச்சுப் பாக்கறே."

"கைய கேட்டேங்க!"

"கையா?" அவர் பாவம், மெய்யாகவே முயன்றார். "கை நல்லாத்தான் இருக்கு. பாப்பாவ வேணா கேட்டுப் பாரேன். இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்."

அதுதான் வம்பு. அவளிடம் கேட்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். எதற்கு என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாமல் இருந்தால் புத்தகம் நின்றுபோகும், அல்லது மாப்பிள்ளை கையோடு வெளியே வரும். செவ்வாயும் புதனும் இஸ்திரிப் பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தே கழிந்தன. தேநீர் ஜில்லிட்டது, அதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டார். அதுவும் ஜில்லிட்டது. வியாழக்கிழமை காலை, நடக்கிறது நடக்கட்டும் என்று ஒரு கட்டு வெற்று அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

அங்கே பிசியோதெரபி அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏற மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மூச்சு வாங்க மாடிப்படி ஏறினார். சுவரில் கப்பியும் கயிறும் தொங்கின. தோளுக்குச் சுற்றுகிற சக்கரம், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், மூலையில் பெரிய ரப்பர் பந்துகள். மகள் ஜன்னல் ஓரத்துச் சின்ன மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"பாப்பா, எழுதிட்டேன்." உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "நீ சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதிட்டேன். அன்னிக்கு உன்கிட்ட மறைச்சிட்டேன்."

மகள் டப்பாவை மூடினாள்.

"எத்தன பேரு?"

"மூணு."

"மூணு பேரையும் அவரா?"

"கடைசி ஆளு கொஞ்சம் கெட்டவன்தான்."

மகள் சிரிக்கவில்லை. கொலைகாரம்மா அவசர அவசரமாக மீதியையும் கொட்டினார். அச்சை நிறுத்தியதை, மேலட்டையில் கையை அடித்ததை, தெருத் தெருவாக அலைந்ததை, மருந்துக்கடையை, கடைசியில் தன்னையே போடுவது என்று முடிவெடுத்ததை எல்லாம் சொன்னார். "எனக்கு என் கையத் தெரியல பாப்பா. நீ சொன்னா நான் அவர முழுசா வெளிய எடுத்துடுவேன். ஒரு விரல்கூட மிச்சம் இருக்காது."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் கொலைகாரம்மா நினைத்தார். பேச ஆரம்பித்தபோது, வந்த நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாள்.

"யோசிக்கும்போது இடது கை மோதிர விரல வலது கையால சுத்துவே. மோதிரத்த இல்ல, வெறும் விரல. பென்சில கீழ வைக்கறதுக்கு முன்னாடி, யாரையோ கூப்பிடற மாதிரி ரெண்டு தட்டு தட்டுவே. பொய் சொல்றப்ப கண்ணாடியக் கழட்டித் தொடைப்பே, அழுக்கே இருக்காது."

"மெதுவா, மெதுவா." பென்சில் பறந்தது.

"வீட்டுக்கு யாரு வந்தாலும் உடனே அவங்க கையில எதையாவது குடுத்துடுவே. டீ, பிஸ்கட் டப்பா, மூடி இறுகின பாட்டில். உபசாரம்னு நெனச்சிக்குவாங்க. அவங்க அத எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாக்கத்தான் குடுக்கறே. அவங்க போனதும் கதவச் சாத்திட்டு, உள்ளங்கைய கதவு மேல வச்சு கொஞ்ச நேரம் நிப்பே. மறந்துபோறதுக்குள்ள ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாப்பே."

"அடடா!" என்று கொலைகாரம்மா கூவியேவிட்டார். நூலகர் அம்மாள் அட்டைமேல் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கதவில் வைக்கிற உள்ளங்கை ஒன்று போதும், மூன்றாவது கொலையை அதிலேயே பிடித்துவிடலாம். வந்த காரியத்தின் பயம்கூட மறந்துபோய், அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டார். "இவ்வளவு கவனிச்சிருக்கியே பாப்பா! பாரு, வீட்டுல எல்லாரையும் எழுதிட்டேன், உங்கப்பாவக்கூட. உன்ன மட்டும் நான் தொட்டதே இல்ல. எனக்கும் ஒரு எல்லை இருக்கு. பெத்த பொண்ணுன்னு விட்டு வச்சிருந்தேன்."

"நீ எங்கம்மா விட்டு வச்சே?" என்றாள் மகள். "நான் காட்டல."

பென்சில் நின்றது.

"உன்கிட்ட பேச வர்றப்பல்லாம் கைய பின்னால கட்டிக்கிட்டுத்தான் வருவேன். கை தெரிஞ்சா நீ கையத்தான் பாப்பே. நான் சொல்றதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொல்லுவே, கண்ணு கையில இருக்கும். கை இல்லேன்னா வேற வழியில்லாம மூஞ்சியப் பாப்பே. அதுக்காகத்தான். சின்னப் புள்ளையா இருந்தப்பவே கண்டுபிடிச்சிட்டேன். இதுக்கு முன்னாடி இருந்த ஆஸ்பத்திரியில என்னைய வேலைய விட்டு நிறுத்தினாங்களே, அன்னிக்கும் அப்படித்தான் வந்து நின்னு சொன்னேன். நீ முழுசா கேட்டே. கேட்டுட்டு, அந்தப் பெரிய டாக்டர் காகிதத்த எந்தக் கையால நீட்டினாருன்னு கேட்டே."

கொலைகாரம்மாவுக்கு அப்படிக் கேட்டது நினைவில்லை. ஆனால் கேட்டிருப்பார் என்று தெரிந்தது. இது வரைக்கும் எத்தனையோ பேருடைய கோபத்தைப் பார்த்திருக்கிறார், ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட அதிகமாக வலித்தது. மகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணோ தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாத. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "சொன்னதையெல்லாம் எழுதிக்கோ. கடைசியா சொன்னத மட்டும் விட்டுடு. அது உனக்குச் சொன்னது, புத்தகத்துக்கு இல்ல."

"ஞாயித்துக்கிழம வருவியா?"

"அவங்கம்மாவயும் கூட்டிக்கிட்டு அவரு வர்றாரு, நான் வராம எப்படி? ஆனா அவரு உக்கார்ந்ததும் கையில எதையாவது குடுத்தேன்னு வை, அப்படியே எழுந்து போயிடுவேன்."

"குடுக்க மாட்டேன்" என்றார் கொலைகாரம்மா. "டீயக்கூட மேஜையிலயே வைக்கறேன்."

அடுத்த நோயாளி வந்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர், தோள் பிடித்துக்கொண்டு வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. மகள் எழுந்து சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள். அம்மாவைப் பார்த்து, இன்னும் போகலையா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேனே."

மகள் இரண்டு கைகளையும் அந்தத் தோளின் மேல் வைத்தாள். சுவரோரத்து பெஞ்சில் கொலைகாரம்மா உட்கார்ந்தார். அட்டைக் கட்டு பைக்குள் போயிற்று. கண் தன் பழக்கத்தில் கீழே இறங்கப் பார்த்தது. அவர் அதை இழுத்து இழுத்து மேலே வைத்தார். மகளின் புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. எண்ணிக்கை சொல்லும்போது கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொண்டாள். டிரைவர் வலியில் முனகியபோது அவள் முகமும் கூடவே சுருங்கியது, அவர் மூச்சு விட்டபோது விரிந்தது. காதோரத்தில் வியர்வை. ஒரே ஒரு நரைமுடி. கொலைகாரம்மா நிமிராமல் குனியாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்காரர் கடைசியில் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, "தூக்கிட்டேன்மா!" என்று சின்னப் பிள்ளை போலக் கத்தினார். அதை மகளின் கைகள் எப்படிச் செய்தன என்று கேட்டால் கொலைகாரம்மாவுக்குச் சொல்லத் தெரியாது.